அனலாக் கேம்கோடரும் டிஜிட்டல் கேம்கோடரும்: வீட்டு வீடியோ வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் ஜார்ஜ் டவுனிலும் பட்டர்வொர்த்திலும் இருக்கும் உறவினர்களும் நண்பர்களும், 1980களிலும் 1990களிலும் எடுத்த திருமணம், காதுகுத்து, பிறந்தநாள் நாடாக்களை பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. அவர்கள் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கேம்கோடர் எனப்படும் இந்த வீடியோ கேமராக்களைப் பற்றி என் எண்ணம் இதுதான்: இனிமேல் படம் எடுப்பதற்கு டிஜிட்டல் கருவியே ஏற்றது, ஆனால் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் நாடாவுக்கு உயிர் கொடுக்க, அதை எடுத்த வகையைச் சேர்ந்த பழைய கருவி ஒன்று வேலை செய்யும் நிலையில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே பழைய கேமராவைத் தூக்கிப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அனலாக், டிஜிட்டல் என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

நாடாவில் பதியும் கருவி என்றாலே அனலாக் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று, ஏனென்றால் டிஜிட்டல் கேம்கோடர்களும் முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் காந்த நாடாவில்தான் பதிந்தன. அனலாக் கருவி படத்தை இடைவிடாத மின்னலையாக நாடாவில் எழுதுகிறது. டிஜிட்டல் கருவி அதே படத்தை எண்களாக மாற்றி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்வதற்கான குறிகளையும் சேர்த்து எழுதுகிறது.

இந்த வேறுபாடு நாடா பழையதாகும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அனலாக் நாடா தேயத் தேயப் படத்தில் வெள்ளைக் கீற்றுகள் ஓடும், நிறம் மங்கும், ஓரம் நடுங்கும். இருந்தாலும் யார் நிற்கிறார், என்ன பேசுகிறார் என்பது நெடுங்காலம் புரிந்துகொண்டே இருக்கும். டிஜிட்டல் நாடாவோ ஒரு கட்டம் வரை புதிதுபோலவே ஓடிவிட்டு, பிழைதிருத்தம் எட்டாத நிலை வந்தவுடன் சட்டென்று சதுரம் சதுரமாகச் சிதறி நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாடாப் பெட்டியின் அளவைப் பாருங்கள். வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்த படங்களைப் போன்ற பெரிய பெட்டி வி.எச்.எஸ்.; அதே அரை அங்குல நாடாவைச் சிறிய பெட்டியில் அடைத்து 1982-இல் வந்தது வி.எச்.எஸ்.-சி. இதை ஓர் இணைப்புப் பெட்டிக்குள் வைத்து வீட்டு வி.எச்.எஸ். கருவியிலேயே ஓட்டலாம். ஒலிநாடாப் பெட்டி அளவுக்கு இருந்தால் அது 8 மில்லிமீட்டர் குடும்பம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக மட்டும் இருந்தால் அது 1995-இல் வந்த மினி டி.வி.; இங்கே டி.வி. என்பது தொலைக்காட்சியைக் குறிக்காது, டிஜிட்டல் வீடியோவைக் குறிக்கும்.

8 மில்லிமீட்டர் குடும்பத்தில்தான் குழப்பம் அதிகம். 1985-இல் வந்த வீடியோ8, 1989-இல் வந்த ஹை8, 1999-இல் வந்த டிஜிட்டல்8 ஆகிய மூன்றுக்கும் பெட்டி ஒன்றுதான். முதல் இரண்டும் அனலாக், மூன்றாவது டிஜிட்டல். பெட்டியின்மேல் ஹை8 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே டிஜிட்டல்8 பதிவு இருக்கலாம். டிஜிட்டல்8 நாடாவை அனலாக் கேமராவில் போட்டால் படம் வராது. உடனே "இது காலி நாடா" என்று முடிவுகட்டி அதன்மேல் வேறொன்றைப் பதிந்துவிடாதீர்கள். ஒரு குடும்பம் தங்கள் மகளின் முதல் பிறந்தநாள் நாடாவை அப்படித்தான் குப்பைப் பைக்குள் போட்டு வைத்திருந்தது. வேறு கேமராவில் போட்டதும் முழு நிகழ்ச்சியும் பிசிறில்லாமல் ஓடியது.

படத் தெளிவில் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது. படுக்கைவாட்டில் எத்தனை நுண்கோடுகளைப் பிரித்துக் காட்ட முடியும் என்று அளந்தால், வி.எச்.எஸ். வகைக்கும் வீடியோ8-க்கும் சுமார் 240, ஹை8-க்கு சுமார் 400, மினி டி.வி.க்கு சுமார் 500 கோடுகள் வரும். ஆனால் நம் வீட்டு நிகழ்ச்சிகளில் இதைவிட முக்கியமானது நிறம். வி.எச்.எஸ். முறையில் நிறத்துக்கு மிகக் குறைந்த இடமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனால் மணமகள் கட்டியிருக்கும் குங்குமச் சிவப்புக் கூறைப்புடவையின் நிறம் சேலையின் ஓரத்தைத் தாண்டி, பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டைமேல் கசிந்திருப்பதைப் பார்க்கலாம். மினி டி.வி. பதிவில் இந்தக் கசிவு பெரும்பாலும் இல்லை. சரிகைக் கரையும் சரிகைக் கரையாகவே தெரியும்.

ஆயினும் டிஜிட்டல் என்ற சொல்லை மட்டும் நம்பி விடக்கூடாது. 2000-க்குப் பிறகு வந்த சில உள்ளங்கை அளவு மினி டி.வி. கேமராக்களில் ஒளியை வாங்கும் உணர்வி மிகச் சிறியது, லென்ஸும் சுமார்தான். பட்டப்பகலில் நல்ல ஹை8 கேமரா ஒன்றில் எடுத்த படத்தையும் அத்தகைய கேமராவில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்தால், நான் ஹை8 படத்தையே தேர்ந்தெடுப்பேன்.

அப்படியானால் டிஜிட்டலின் உண்மையான சிறப்பு எது?

படி எடுப்பது. அந்தக் காலத்தில் திருமண நாடாவிலிருந்து பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, தமிழ்நாட்டில் இருக்கும் பெரியப்பாவுக்கு ஒன்று என்று இரண்டு வீடியோ கருவிகளைக் கம்பியால் இணைத்துப் படி எடுப்பார்கள். ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடும், நிறம் இன்னும் கொஞ்சம் கசியும். படியிலிருந்து எடுத்த படியில் முகங்கள் களிமண் பூசியதுபோல் ஆகிவிடும். மூலநாடா தொலைந்து, மூன்றாம் படி மட்டும் மிஞ்சிய குடும்பங்களை எனக்குத் தெரியும். எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் அந்த முகங்களை மீட்க முடியாது. ஆகவே அனலாக் நாடாவை மாற்றப்போகிறீர்கள் என்றால், முதல் வேலையாக மூலநாடா யார் வீட்டில் இருக்கிறது என்று தேடுங்கள். கேமராவில் பதிந்த நாடாவாக இருந்தால், பெட்டியின் அளவே அதைக் காட்டிக்கொடுக்கும்: வீடியோ8-இல் எடுத்துவிட்டு வி.எச்.எஸ்.ஸுக்கு மாற்றிக் கொடுப்பது அக்காலத்தில் பரவலான வழக்கம்.

டிஜிட்டல் நாடாவிலிருந்து ஃபயர்வயர் கம்பி (கேமராவைக் கணினியோடு இணைக்கும் ஒருவகைக் கம்பி) வழியாகக் கணினிக்குப் போவது எண்களே. நாடாவில் பழுதில்லாத வரை நூறாவது படியும் மூலமும் ஒன்றே. ஒரு கோப்பை ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து வைக்க முடிகிறது என்பதைவிடப் பெரிய பாதுகாப்பு வீட்டு வீடியோவுக்கு வேறில்லை.

இரவில், கோவில் திருவிழாவில் எந்தக் கேமரா நன்றாக எடுக்கும்?

தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலையை நோக்கி வரும் இரவை நினைத்துக்கொள்ளுங்கள்: ரதத்தில் கண்ணைப் பறிக்கும் விளக்கு, சுற்றிலும் இருட்டில் மக்கள் கூட்டம். பழைய கேமராக்களில் இருந்த சி.சி.டி. உணர்வி ஒவ்வொரு பிரகாசமான விளக்கின் மேலும் கீழும் நெட்டுக்குத்தாக ஒளிக்கோடு இழுக்கும். இருட்டில் நிறம் சாம்பலாகிவிடும். இன்றைய கேமராக்களில் உள்ள சிமாஸ் உணர்வியில் அந்தக் கோடு வருவதில்லை, இருட்டையும் அது நன்றாகவே தாங்கும். ஆனால் அது படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால், பக்கத்தில் யாராவது ஃபிளாஷ் போட்டுப் புகைப்படம் எடுத்தால் பாதிப் படம் மட்டும் வெளுத்துப்போகும். தாலி கட்டும் நொடியில் பத்துப் பேர் ஃபிளாஷ் போடும் கல்யாணங்களில் இது நிச்சயம் நடக்கும்.

ஒலி எப்படி?

வி.எச்.எஸ்.-சி வகையின் சாதாரண ஒலித்தடம் ஒற்றைத் தடம், இரைச்சலும் உண்டு. வீடியோ8, ஹை8 இரண்டிலும் ஒலி பண்பலை முறையில் பதிவதால், பலர் எதிர்பார்ப்பதைவிட நன்றாக இருக்கும். மினி டி.வி.யில் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு தடங்களாகவோ, 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில் நான்கு தடங்களாகவோ பதியலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை, ஆகவே மெனுவில் 16 பிட் என்று மாற்றிவிடுங்கள்.

எல்லா வகைக்கும் பொதுவான ஒரு தொல்லை, ஒலியளவைக் கேமரா தானாகக் கூட்டிக் குறைப்பது. கெட்டிமேளம் முழங்கியவுடன் கேமரா பயந்ததுபோல் ஒலியை இறக்கிவிடும். மேளம் நின்றபின் அது மறுபடி ஏறுவதற்குள், அம்மா மகளிடம் சொன்ன ஒரு வார்த்தை காதில் விழாமல் போய்விடும். ஒலியளவைக் கையால் நிறுத்தி வைக்கும் வசதியும், வெளி மைக் செருகும் துளையும் உள்ள கேமராவைத் தேர்ந்தெடுத்தால் இந்த இழப்பு நேராது. உறுமி மேளத்தின் அருகில் நின்று பதிவு செய்பவர்களுக்கு இது இன்னும் கட்டாயம், ஏனெனில் டிஜிட்டல் ஒலி எல்லை மீறி வெடித்துவிட்டால் பின்னால் திருத்த வழியில்லை.

நம் ஊர்க் காலநிலை நாடாவையும் கேமராவையும் என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வது வழக்கம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், மூடிய அலமாரியில் கிடக்கும் நாடாவில் பூஞ்சணம் பிடிப்பது இயல்பு. நாடாப் பெட்டியின் கண்ணாடிச் சாளரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டு ஓரம் கரும்பழுப்பாக, வழவழப்பாக இருக்க வேண்டும். அதன்மேல் மாவு தூவியதுபோலவோ, சிலந்தி நூல்போலவோ வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், அந்த நாடாவை எந்தக் கருவியிலும் போடாதீர்கள். போட்டால் பூஞ்சணம் நாடாவை வாசிக்கும் பகுதியான ஹெட்டில் ஒட்டி, அடுத்து நீங்கள் போடும் நல்ல நாடாவுக்கும் பரவும். சுருள் ஒட்டிக்கொண்டிருந்தால் நாடா அறுந்தும் போகும். என் தாத்தாவின் மணிவிழா நாடாவை ஒரு கடையில் மாற்றக் கொடுத்தேன். அங்கே பார்க்காமலேயே கருவியில் போட்டு ஓட்டியதில், நடுவில் ஒரு கை நீளம் கசங்கிக் கிழிந்து வந்தது. பாதபூசை நடந்த இடம் அது. அன்றிலிருந்து என் கையில் வரும் ஒவ்வொரு நாடாவையும் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.

பூஞ்சணம் பிடித்த நாடாவைத் தனியாக ஒரு பையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்து உலரவிடுங்கள். உலர்ந்தபின் துடைத்தெடுப்பதை, அதற்கென்று கருவி வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள். நல்ல நாடாக்களைப் புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் ட்ரை கேபினட்டில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில், புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

கேமராவுக்கு வேறொரு ஆபத்து உண்டு. குளிர்சாதனம் ஓடும் காரிலிருந்து இறங்கி, பத்துமலை அடிவாரத்து வெப்பத்தில் கேமராவைத் திறந்தால், உள்ளே சுழலும் ஹெட் உருளைமேல் பனித்துளி படியும். ஈரமான உருளையில் நாடா ஒட்டிக்கொள்ளும் என்பதால் கேமரா ஈர எச்சரிக்கை காட்டித் தன்னைப் பூட்டிக்கொள்ளும், ஒரு மணி நேரம் வரைகூடத் திறக்காது. காரை விட்டு இறங்கும் முன்பே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, வெளி வெப்பத்துக்கு அது பழகியபின் பையைப் பிரித்தால் இந்தச் சிக்கல் வராது. நாடாவே இல்லாமல் மெமரி கார்டு எனும் நினைவக அட்டையில் பதியும் இன்றைய கேமராக்களில் உருளை கிடையாது. லென்ஸ் மட்டும் சற்று நேரம் மங்கித் தெளியும்.

இணையத்தில் ஜப்பானிலிருந்து வரும் பழைய கேமராவை வாங்கலாமா?

விலை மலிவாக இருக்கும், தோற்றமும் புதிதுபோல் இருக்கும். ஆனால் ஜப்பானின் தொலைக்காட்சி முறை வேறு. நாம் பயன்படுத்தியது விநாடிக்கு 25 படமும் 625 வரியும் கொண்ட 'பால்' முறை; ஜப்பானும் அமெரிக்காவும் பயன்படுத்தியது விநாடிக்கு ஏறத்தாழ 30 படமும் 525 வரியும் கொண்ட என்.டி.எஸ்.சி. முறை. அந்தக் கேமராவில் உங்கள் வீட்டு நாடா சரியாக ஓடாது. அதைக்கொண்டு புதிதாக எடுத்தாலும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கின் கீழ் படம் துடிக்கும். மெனுவும் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். பழைய நாடாவை ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால், இங்கே விற்கப்பட்ட கேமராவையே தேடுங்கள். உறவினர் வீட்டு அலமாரிதான் அதற்கு நல்ல இடம்.

வாங்குமுன் நீங்கள் கொண்டுபோன நாடா ஒன்றை, முக்கியமில்லாத நாடாவாகப் பார்த்து, போட்டு ஓட்டச் சொல்லுங்கள். 1990களின் முற்பகுதியில் வந்த 8 மில்லிமீட்டர் கேமராக்கள் பலவற்றில் உள்ளிருக்கும் சிறிய மின்தேக்கிகள் கசிந்துவிடுகின்றன. கேமராவைத் திறந்து முகர்ந்தால் மீன் வாடை அடிக்கும். ஒலி வராது, அல்லது படம் கறுத்துப்போகும். அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம்.

மினி டி.வி. நாடாவைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடிப்பதே எளிய வழி. மேசைக் கணினியாக இருந்தால் அதற்கான அட்டையைச் செருகிக்கொள்ளலாம். கேமராவின் பக்கவாட்டில் இருக்கும் யு.எஸ்.பி. துளை பல மாடல்களில் புகைப்படத்துக்கோ மட்டமான படத்துக்கோ மட்டும் உதவும், அதை நம்பாதீர்கள். ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரமே ஆகும். வட்டில் சுமார் 13 கிகாபைட் பிடிக்கும். எடுத்த தேதியும் நேரமும் படத்தின்மேல் படியாமல் தனியாகப் பதிந்திருக்கும், இந்த முறையில் மாற்றினால் அவையும் கூடவே வரும். அனலாக் கேமராக்களில் தேதி படத்தின் மூலையில் எழுத்தாகவே பதிந்துவிடும், அதுவும் கடிகாரத்தைச் சரிசெய்யாத வீடுகளில் எல்லா விழாவும் ஒரே சனவரி முதல் தேதியில் நடந்ததாகக் காட்டும்.

மினி டி.வி.யின் தடம் 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமே, வி.எச்.எஸ். தடம் 49 மைக்ரான். இவ்வளவு மெல்லிய தடத்தை எழுதிய கேமராவே அதை நன்றாக வாசிக்கும் என்பதால், எடுத்த கேமரா இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒரே நாடாவில் அதிக நேரம் பதியும் நீள்பதிவு முறையில் எடுத்த நாடாவுக்கு இது மிகவும் பொருந்தும்.

அனலாக் நாடாவை?

கையில் பழைய நாடா வாசிக்கும் டிஜிட்டல்8 கேமரா கிடைத்தால், வீடியோ8, ஹை8 நாடாக்களுக்கு அதைவிட வசதியானது இல்லை. அனலாக் படத்தை உள்ளேயே டிஜிட்டலாக்கி ஃபயர்வயர் வழியாகத் தந்துவிடும். எல்லா மாடலும் இதைச் செய்வதில்லை, கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றபடி கேமராவின் அல்லது வி.எச்.எஸ். கருவியின் வெளியீட்டை ஒரு மாற்றுப்பெட்டி வழியாகக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்பும் எஸ்-வீடியோ துளை இருந்தால், இரண்டையும் ஒன்றாக அனுப்பும் மஞ்சள் கம்பியைத் தவிர்த்து அதைப் பயன்படுத்துங்கள். மாற்றுப்பெட்டிக்குப் பதிலாக விற்கப்படும் மிக மலிவான யு.எஸ்.பி. குச்சிகள், நடுங்கும் பழைய அலையைத் தாங்காமல் படங்களைத் தவறவிடும். அரை மணி நேரம் கழித்து உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

எந்த வடிவில் சேமிப்பது?

இரண்டு கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். நாடாவிலிருந்து வந்ததை மாற்றம் எதுவும் செய்யாமல் ஒன்று. உறவினர்களுக்கு அனுப்புவதற்காகச் சுருக்கிய எம்.பி.4 இன்னொன்று. ஒரு டெராபைட் வட்டில் சுமார் 75 மணி நேர டி.வி. கோப்புகள் அடங்கும். வட்டுகள் இரண்டு இருக்கட்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம்.

டிவிடி வட்டில் நேரடியாகப் பதியும் கேமரா?

வாங்காதீர்கள். ஏற்கெனவே எடுத்த வட்டுகள் இருந்தால், இறுதிப்படுத்தப்படாத (மற்ற கருவிகளிலும் ஓடும்படி முடித்து வைக்கப்படாத) வட்டை அந்தக் கேமராவிலேயே போட்டு இறுதிப்படுத்திவிட்டு, உடனே கணினிக்கு மாற்றுங்கள்.

கைப்பேசி இருக்கும்போது கேம்கோடர் எதற்கு?

ஐந்து நிமிடப் படத்துக்குத் தேவையில்லை. இரண்டு மணி நேரத் திருமணச் சடங்கை முக்காலியில் நிறுத்தி, சூடாகி நின்றுபோகாமல், தூரத்து மணவறையைத் தெளிவாக இழுத்துக் காட்டி, நடுவில் அழைப்பு வராமல் எடுக்க, அட்டையில் பதியும் இன்றைய கேம்கோடருக்கே என் ஓட்டு. புதிதாக நாடாவில் எடுக்கும் ஆசை மட்டும் வேண்டாம். வி.எச்.எஸ். வீட்டுக் கருவிகளைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஃபுனாய் 2016-இல் நிறுத்திவிட்டது, மினி டி.வி. நாடாத் தயாரிப்பை சோனி 2025-இல் நிறுத்திவிட்டது. ஹெட் தேய்ந்தால் மாற்ற உதிரிபாகம் கிடைக்காத கருவிகள் இவை. மிச்சமிருக்கும் ஒவ்வொரு மணி நேர ஓட்டத்தையும் பழைய நாடாக்களுக்கு ஒதுக்க வேண்டும்.

மாற்றி முடித்த நாடாக்களை எறிந்துவிடலாமா?

எறிய வேண்டாம். நான் எறிந்தவன். 2006-இல் எங்கள் வீட்டு வீடியோ8 நாடாக்களை டிவிடிக்கு மாற்றிவிட்டு, இடம் அடைக்கிறது என்று நாடாக்களைப் போட்டுவிட்டேன். அந்த டிவிடிகளில் ஆறு மணி நேரப் படத்தை அளவுக்கு மீறிச் சுருக்கியிருந்தார்கள். அப்போது சிறிய தொலைக்காட்சியில் அது தெரியவில்லை. அடுக்களை வாசலில் நின்று அம்மா திரும்பி, "வாங்க, இலை போட்டாச்சு" என்று அப்பாவைக் கூப்பிடும் இடத்தில், அவர் திரும்பும் வேகத்துக்கு முகம் சதுரங்களாக உடைகிறது. இன்று என்னிடம் இருக்கும் கருவிகளால் அந்த நாடாவிலிருந்து அம்மாவின் முகத்தை முழுதாக எடுத்திருப்பேன். நாடா இல்லை.

ஆகவே பெட்டியின் முதுகில் இருக்கும் பதிவுத் தடுப்பு நாக்கைத் தள்ளிவிட்டு (வி.எச்.எஸ். பெட்டியாக இருந்தால் உடைத்துவிட்டு), நாடாவைத் தொடக்கம் வரை சுற்றி, எந்த ஆண்டு, யார் வீட்டு விழா என்று பென்சிலால் எழுதி உலர்ந்த இடத்தில் வையுங்கள். அதை ஓட்டக்கூடிய கேமராவையும் அதன் மின்கம்பியையும் அதே பெட்டியில் வைத்துவிடுங்கள். மின்கலத்தை மட்டும் கழற்றித் தனியாக வையுங்கள்.